ஒரே ஜெனரேட்டர், மூன்று வேலை: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் உட்லண்ட்ஸில் இருக்கிறோம். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு சமையல்கூடம் எடுத்து, நானும் வீட்டுக்காரரும் கேட்டரிங் செய்கிறோம். இதுவரை சமூக மன்றம், புளோக்குக் கீழே நடக்கும் விசேஷம் என்று கரண்ட் உள்ள இடங்களில்தான் செய்திருக்கிறோம். இப்போது ஒரு கம்பெனியின் குடும்ப தினத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மாலை 4 மணியிலிருந்து இரவு 9 மணி வரை சாப்பாடு போட வேண்டும். கூடாரம் அவர்கள் போட்டுத் தருவார்கள், கரண்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை. எங்களிடம் உள்ள சாமான்கள்: கண்ணாடிக் கதவு வைத்த பானக் குளிர்பெட்டி, 20 லிட்டர் வாட்டர் பாய்லர், பெரிய ரைஸ் குக்கர், உணவைச் சூடாக வைக்கும் மின்சாரத் தட்டு, மிக்சி, விளக்குகள், இரண்டு ஃபேன், போன், ஸ்பீக்கர். வீட்டுக்காரர் இணையத்தில் 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், விலை மலிவு. வீட்டில் வைத்துக்கொண்டால் கரண்ட் போகும்போது உதவும், சில வருஷம் ஓட்டிவிட்டு மன்னார்குடியில் என் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 5 கேவிஏ மெஷினை வாங்க வேண்டாம். ஒரு செலவில் மூன்று காரியம் முடியட்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது புரிகிறது. ஆனால் பூங்காவில் ஐந்து மணி நேரம், உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீடு, மன்னார்குடியில் தனி வீடு, இந்த மூன்றுக்கும் தேவை வேறு வேறு. பூங்காவுக்கு அந்த மெஷின் சத்தமும் அதிகம், கனமும் அதிகம். அப்படியிருந்தும் உங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அதனால் இழுக்க முடியாது. வீட்டில் அதை ஓட்டவே கூடாது. மன்னார்குடிக்கு வேண்டியதை மன்னார்குடியிலேயே வாங்குவதுதான் நல்லது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பூங்காவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

கடைக்குப் போகும் முன்பு சமையல்கூடத்துக்குப் போய் ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமோ அடியிலோ ஒரு சின்ன வெள்ளித் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். சிலதில் வாட் என்று நேராகவே போட்டிருக்கும். சிலதில் ஆம்பியர் மட்டும் இருக்கும். ஆம்பியர் என்றால் 230-ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, குளிர்பெட்டியில் 1.3 ஆம்பியர் என்று இருந்தால் சுமார் 300. நீங்கள் சொன்ன மாதிரிச் சாமான்களுக்கு வழக்கமாக இருக்கும் அளவுகளை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன்: குளிர்பெட்டி 300, வாட்டர் பாய்லர் 2,500, பெரிய ரைஸ் குக்கர் 1,900, சூடாக்கும் தட்டு 1,000, மிக்சி 750, எல்இடி விளக்கு நான்கு சேர்த்து 120, ஃபேன் இரண்டும் 120, போனும் ஸ்பீக்கரும் 30. மொத்தம் 6,700 வாட்டைத் தாண்டுகிறது. கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு. 5 கேவிஏ மெஷின் நின்று கொடுப்பது 4,000, 4,500 வாட். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

இன்னும் பெரிய மெஷின் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். பாய்லர், குக்கர், தட்டு மூன்றுமே சூடு தரும் சாமான்கள். அவை மட்டும் 5,400 வாட். கரண்டை வைத்துச் சூடு உண்டாக்குவது போல மின்சாரத்தைத் தின்னும் வேலை வேறு இல்லை. 20 லிட்டர் தண்ணீரை நம் ஊர்க் குழாய்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.7 யூனிட் மின்சாரம் வேண்டும், அந்த பாய்லருக்கு அது 40 நிமிட வேலை. அதே 1.7 யூனிட்டில் உங்கள் நான்கு விளக்குகளும் 14 மணி நேரம் எரியும். பெட்ரோலை எரித்து, எஞ்சினைச் சுற்றி, கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டால் தண்ணீர் சுட வைப்பதில் பாதிக்கு மேல் வழியிலேயே வீணாகிறது. ஆகவே ஜெனரேட்டரின் தலையிலிருந்து முதலில் சூட்டை இறக்கி வையுங்கள்.

கேட்டரிங்காரர்களான உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, மூடி வைத்த எவர்சில்வர் தட்டுக்கு அடியில் ஜெல் எரிபொருள் டப்பா வைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். சாப்பாட்டைச் சமையல்கூடத்திலேயே முடித்து, சூடு தாங்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். தேநீருக்கு இரட்டைச் சுவர் வைத்த ஃபிளாஸ்க் கலன்களில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி எடுத்துப் போனால் மாலை முழுக்கத் தாங்கும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பதும், சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதும் சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் விதிகள். மாலை 4 முதல் 9 வரை என்றால் ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டு போவதைவிட இரண்டு நடையாக அனுப்புவது இதற்கும் ஒத்துவரும். சட்னி, மசாலா எல்லாம் முன்னாலேயே அரைத்துவிட்டால் மிக்சியும் சமையல்கூடத்திலேயே இருக்கட்டும்.

இப்போது பட்டியலில் மிச்சம் என்ன? குளிர்பெட்டி, விளக்கு, ஃபேன், போன், ஸ்பீக்கர். 570 வாட். 6,700-லிருந்து 570-க்கு வந்துவிட்டோம், விருந்தில் எதுவும் குறையவில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் பத்து மடங்கு பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

570 வாட் என்றால் 600 வாட் மெஷின் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்பெட்டிக்குள் கம்ப்ரசர் இருக்கிறது. மோட்டார் உள்ள எதுவும் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று, நான்கு, சில சமயம் ஐந்து மடங்கு கரண்டைத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் இழுக்கும். ஓட 300 கேட்கும் பெட்டி, கிளம்ப 1,200 கேட்கலாம். அதைக் கொடுக்க முடியாத மெஷினில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? பெட்டி ம்ம்ம் என்று முனகும், விளக்கு மங்கும், சில நொடிகளில் டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி ம்ம்ம், மறுபடி டிக். கண்ணாடிக் கதவுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் பெட்டி ஓடுகிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து மோர் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கும். இப்படியே விட்டால் கம்ப்ரசரின் சுருள் சூடேறிக் கருகியும் போகலாம். ஆகவே மற்ற சாமான்களின் 270-உம் கம்ப்ரசர் கிளம்பும் 1,200-உம் சேர்த்து, சுமார் 1,500 வாட்டைத் தடுமாறாமல் கொடுக்கும் மெஷின் வேண்டும். 2 கேவிஏ வகுப்பில் ஒரு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இதற்குச் சரியாகப் பொருந்தும்.

இன்வெர்ட்டர் வகைக்கும் உங்கள் வீட்டுக்காரர் பார்த்த சாதாரண வகைக்கும் உள்ள வித்தியாசம் விலை மட்டும் அல்ல. சாதாரண ஜெனரேட்டர் நமக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸைத் தர நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரு பல்பு எரிந்தாலும் 3,000, முழுப் பளு, அதாவது அது தாங்கும் மொத்த வாட்டையும் ஏற்றினாலும் 3,000. அதனால்தான் அந்த ஓயாத இரைச்சல். பளு திடீரென்று ஏறி இறங்கும்போது மின்னழுத்தமும் ஆடும். இன்வெர்ட்டர் வகையில் எஞ்சின் உண்டாக்கும் கரண்டை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, பிறகு மின்னணுச் சுற்று ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று சுத்தமாகத் திருப்பி எழுதுகிறது. பளு குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் பெட்ரோலும் மிச்சம். ஹோண்டா, யமஹா போன்ற கம்பெனிகளின் 2 கேவிஏ மெஷின் 20 கிலோவை ஒட்டி இருக்கும், ஒருவர் ஒரு கையால் தூக்கி வேனில் வைக்கலாம். 5 கேவிஏ திறந்த சட்டக வகை 80 கிலோ வரை வரும். பூங்காவில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கூடாரம் வரைக்கும் அதை யார் தள்ளுவது? பிற்பாடு தொழில் வளர்ந்து அதிகம் தேவைப்பட்டால், இரண்டு 2 கேவிஏ மெஷின்களை அதற்கென்று உள்ள கேபிளால் இணைத்து ஓட்டும் வசதியும் பல மாடல்களில் உண்டு. அப்படி வாங்குவதென்றால் இரண்டாவதும் அதே கம்பெனி, அதே வரிசை மாடலாக இருக்கட்டும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் உச்ச அளவு, சில நொடிகள் தாங்குவது. சின்ன எழுத்தில் தொடர்ந்து தரும் அளவு தனியாக இருக்கும், அதில் 80 விழுக்காட்டுக்குள் உங்கள் பளுவை வையுங்கள். மலிவு மெஷினைச் சோதிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன்: எஞ்சின் எத்தனை சிசி என்று பாருங்கள். 5 கேவிஏ தரும் நல்ல மெஷின்களில் வழக்கமாக 390 சிசி அளவில் எஞ்சின் இருக்கும். 210 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு 5 கேவிஏ என்று எழுதியிருந்தால், அந்த எஞ்சினால் அவ்வளவைத் தொடர்ந்து தரவே முடியாது. உங்கள் வீட்டுக்காரர் பார்த்த மெஷினின் விவரத்தைத் திறந்து முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து வோல்ட். இணையத்தில் வரும் சில மாடல்கள் அமெரிக்கச் சந்தைக்கானவை, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. சாக்கெட்டும் நம்முடைய மூன்று தட்டைக் கால் 13 ஆம்பியர் வகைதானா என்று பாருங்கள். கடைசியாக, இங்கே சர்வீஸ் செய்ய ஆள் இருக்கிறதா, ஸ்பார்க் பிளக்கும் கார்புரேட்டர் சாமானும் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவானாலும் ஒரு விசேஷத்தோடு சரி.

சத்தத்துக்கு வருவோம். ஒரே மெஷினுக்கு ஒரு விளம்பரத்தில் 60 டெசிபல் என்றும் இன்னொன்றில் 90 என்றும் இருக்கும். முதலாவது வழக்கமாக 7 மீட்டர் தள்ளி நின்று அளந்தது, இரண்டாவது மெஷின் மொத்தமாக வெளிவிடும் ஒலிச் சக்தி. இரண்டு மெஷினை ஒப்பிடும்போது ஒரே வகை அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே மெஷினைத் தள்ளி வைப்பது சத்தத்துக்கும் நல்லது, அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்துக்கு அதைவிட நல்லது.

அந்த விஷயம் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் எஞ்சின் விடும் புகையில் இருக்கும் இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள் இதைக் களைப்பு என்றே நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போனது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. மெஷின் கூடாரத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி இருக்க வேண்டும். புகைக்குழாய் கூடாரத்துக்கும் ஜனங்களுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்டில் மாலை நேரத்துக் கடல்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நின்று பார்த்து, அதற்கேற்ப இடம் பிடியுங்கள்.

ஆபத்து பெரும்பாலும் மழையோடு வரும். நம் ஊர் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் வானம் கறுத்துக் கொட்டும். அப்போது கூடாரத்தின் பக்கத் துணிகளை எல்லாம் இறக்கிவிடுவார்கள். மெஷின் நனைகிறதே என்று யாராவது அதையும் இழுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். இதை உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே, கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: மழை வந்தால் மெஷினை அணைப்பதுதான் முறை, உள்ளே கொண்டுவரக் கூடாது. மழையிலும் ஓட வேண்டுமென்றால் நான்கு பக்கமும் திறந்த, மேலே மட்டும் மூடிய தனிக் கூரை, தண்ணீர் தேங்காத மேட்டில் வேண்டும். பிளக்கும் கையும் ஈரமாக இருக்கும்போது எதையும் மாட்டவோ கழற்றவோ கூடாது.

கேபிளைப் பற்றியும் கொஞ்சம். மெஷினை 6 மீட்டருக்கு அப்பால் வைத்தால் நீளமான எக்ஸ்டென்ஷன் வேண்டும். அந்த வட்டச் சுருளை முழுவதும் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பாதி சுற்றியபடியே விட்டு நிறைய கரண்ட் இழுத்தால் உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் கம்பியின் மேல்தோல் உருகி ஒட்டிக்கொள்ளும். உங்கள் 570 வாட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். 20, 30 மீட்டர் நீளம் போகும், பளுவும் ஏறும் என்றால் 2.5 எடுங்கள். ரப்பர் உறை போட்ட, வெளிப்புறத்துக்கான கேபிளாக இருக்கட்டும். நடைபாதையைத் தாண்டினால் மேலே கேபிள் மூடி போடுங்கள், குழந்தைகள் ஓடும் இடம்.

ஆர்சிசிபி பற்றிப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். கசிவு மின்சாரத்தைப் பிடித்து உடனே துண்டிக்கும் அந்தக் கருவி 2023 ஜூலை 1 முதல் இங்கே எல்லா வீடுகளுக்கும் கட்டாயம், பழைய வீடுகளுக்கு இரண்டு வருஷ அவகாசம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அது உயிர் காக்கிறது. அதே மாதிரி ஒன்றை எக்ஸ்டென்ஷனில் மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டப்பென்று விழுகிறது, ஆகவே ஜெனரேட்டரிலும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் கரண்ட் திரும்பி வரும் நியூட்ரல் கம்பி எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட மெஷினில் டெஸ்ட் பட்டன் வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பட்டன் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலேயே தன் கசிவை உண்டாக்கிக்கொள்கிறது. உண்மையான கசிவு எர்த் வழியாகத் திரும்ப வழியில்லாததால் கருவிக்கு அது தெரியாமலே போகலாம். ஒன்றிரண்டு சாமானை நேராக மெஷினின் சாக்கெட்டில் மாட்டுவது வரைக்கும் இதனால் பெரிய பிரச்சினை இல்லை. அதற்கு மேல் கரண்டைப் பிரிக்கும் பெட்டி வைத்து, பல வழியாகப் பிரித்து, நான்கைந்து கூடாரத்துக்குக் கொடுப்பதென்றால் எர்த் போடுவதும் நியூட்ரலை இணைப்பதும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளர் செய்ய வேண்டிய வேலை. நீங்களாகச் செய்யாதீர்கள்.

பெட்ரோல்: கிளம்பும் முன்பே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். 2 கேவிஏ மெஷினில் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பிடிக்கும். உங்கள் அளவு பளுவுக்கு ஐந்து மணி நேரம் ஓடுவதற்குப் பெரும்பாலும் அதுவே போதும். நடுவில் ஊற்ற வேண்டி வந்தால் மெஷினை அணைத்து, கால் மணி நேரமாவது ஆற விட்டு ஊற்றுங்கள். சூடான புகைக்குழாய் மேல் நாலு சொட்டு சிந்தினாலே தீப்பிடிக்கும். பக்கத்தில் ஜெல் டப்பாக்கள் எரிந்துகொண்டிருக்கும் இடம் வேறு.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்கு நான் உண்மையில் பரிந்துரைப்பது வேறு: பேட்டரி மின்நிலையம். பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே லித்தியம் பேட்டரி, வெளியே 13 ஆம்பியர் சாக்கெட்டுகள். சமையல்கூடத்தில் ராத்திரி சார்ஜ் போட்டு எடுத்துப் போகலாம். சத்தமில்லை, புகையில்லை, கூடாரத்துக்குள்ளேயே மேசைக்கு அடியில் வைக்கலாம். மழைக்குத் துணிகளை இறக்கினாலும் பயமில்லை. போதுமா என்று பார்க்க இங்கே வாட்டோடு நேரத்தையும் பெருக்க வேண்டும். ஃபேன் இரண்டும் ஐந்து மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. விளக்கு ஏழு மணிக்கு மேல்தான் தேவை, இரண்டு மணி நேரத்துக்கு 240. போன், ஸ்பீக்கர் 150. மொத்தம் 990. மாற்றும்போது ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 1,200-ஐ ஒட்டி வரும். குளிர்பெட்டியையும் போட்டால், கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும் என்பதால், இன்னொரு 700 கூடி, இழப்போடு 2,000 வாட்-மணியைத் தொட்டுவிடும். ஆகவே பானங்களைச் சமையல்கூடத்திலேயே நன்றாகக் குளிர வைத்து, ஐஸ் போட்ட பெட்டிகளில் கொண்டு போனால் 1,500 வாட்-மணி பேட்டரியே தாராளம். குளிர்பெட்டி வேண்டுமென்றே இருந்தால் 2,500-க்கு மேல் பாருங்கள், கம்ப்ரசர் கிளம்பும் வேகத்தைத் தாங்குமா என்று உச்ச வாட்டையும் பாருங்கள். என்னைக் கேட்டால் ஐஸ் பெட்டிதான்.

பேட்டரியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாக எடுங்கள், சூட்டைத் தாங்குவதில் மற்ற லித்தியம் வகைகளைவிட அது மேல். வேனுக்குள் வெயிலில் பூட்டி வைக்காதீர்கள். சார்ஜ் போடும் இடம் வாசல் வழியை அடைக்காமல், சுற்றி அட்டைப்பெட்டி இல்லாமல் இருக்கட்டும். இது நாள் முழுக்க ஓடும் சந்தைக்கும், இரண்டு நாள் விசேஷத்துக்கும் ஒத்துவராது, அங்கே பெட்ரோல் இன்வெர்ட்டர் மெஷின்தான். எதுவானாலும் இந்த முதல் விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வருஷத்தில் இரண்டு மூன்று முறைதான் வெளியிடத்து வேலை வரும் என்றால் வாடகையே லாபம். சும்மா கிடக்கும் பெட்ரோல் மெஷினில் ஒன்றிரண்டு மாதத்தில் பெட்ரோல் கெட்டு கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும்.

வீட்டு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அடுக்குமாடி வீட்டில், பால்கனியில், சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்தில், தாழ்வாரத்தில், எங்கேயும் பெட்ரோல் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. சன்னல் திறந்திருந்தாலும் கூடாது. புகை உங்கள் வீட்டோடு நிற்காது, மேல்மாடிக் குழந்தை தூங்கும் அறைக்கும் போகும். மெஷினுக்காகப் பெட்ரோலை வீட்டில் சேர்த்து வைப்பதும் வேண்டாம். அப்புறம், இங்கே கரண்ட் எவ்வளவு போகிறது? 2018 செப்டம்பர் 18 அதிகாலை சிங்கப்பூரில் பல வட்டாரங்களில் கரண்ட் போனது ஞாபகம் இருக்கலாம், சுமார் 1,47,000 வாடிக்கையாளர்கள், உட்லண்ட்ஸ் பக்கமும் போனது. 38 நிமிடத்தில் எல்லோருக்கும் திரும்ப வந்துவிட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளருக்கு வருஷத்தில் ஒரு நிமிடம்கூடத் தடை வருவதில்லை. அதற்கு ஒரு நல்ல டார்ச்சும் பவர் பேங்கும் போதும். கேட்டரிங்குக்கு வாங்கும் பேட்டரி பெட்டி இருந்தால் அதுவே அதிகம். வீட்டில் யாராவது மூச்சுக் கருவி போன்ற மருத்துவச் சாதனத்தில் இருந்தால் மட்டும் இதைத் தனியாக யோசிக்க வேண்டும், அதற்கும் பேட்டரிதான் வழி.

மன்னார்குடியில் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா முழுக்க மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதையும், கரண்ட் இல்லாமல் ஜனங்கள் பட்ட பாட்டையும் உங்கள் மாமியாரே சொல்லியிருப்பார். அங்கே ஜெனரேட்டர் வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது நியாயமான கவலை. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மெஷின் ஓடும். ஆனால் பெட்ரோல் ஊற்றி ஓட்டிய மெஷினை விமானத்தில் அனுப்புவது பெரும்பாடு, கப்பலில் அனுப்பினால் கட்டணமும் சுங்கமும், போய்ச் சேர்ந்த பிறகு சர்வீஸுக்கு அலைச்சலும் இருக்கிறது. பேட்டரி பெட்டியையும் கையோடு கொண்டு போக முடியாது, 160 வாட்-மணிக்கு மேல் பயணிகள் விமானத்தில் அனுமதி இல்லை. அத்தை தனியாக இருக்கிறார் என்றால், தினசரி வரும் தடைக்குப் பேட்டரியோடு உள்ள வீட்டு இன்வெர்ட்டரே நல்லது. கயிற்றை இழுக்க வேண்டாம், பெட்ரோல் வாங்க வேண்டாம், தானாக மாறிக்கொள்ளும். புயல் காலத்துக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் 1 ஹெச்பி மோட்டாருக்கு 3 முதல் 4 கேவிஏ வரை அங்கேயே ஒன்று வாங்கி வையுங்கள்.

அப்படி வாங்கினால், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று மட்டுமே வீட்டோடு இணையும்படி மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்க விடாதீர்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுப்பதை ஊரில் சிலர் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே போய், தெருவோர டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் ஒயர்மேனை அது கொன்றுவிடும். இதை உங்கள் வீட்டுக்காரர் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக, எதையும் வாங்கும் முன்பும் வாடகைக்கு எடுக்கும் முன்பும் ஏற்பாட்டாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கம்பெனி குடும்ப தினம் என்றால் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் அவர்களே பெரிய டீசல் ஜெனரேட்டரும் மின் பணியாளரும் ஏற்பாடு செய்திருப்பார்கள், பெரும்பாலும். அதிலிருந்து ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் உங்கள் கூடாரத்துக்கு வந்தாலே ஏறக்குறைய 3,000 வாட் கிடைக்கும். அவர்களிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "எங்கள் கூடாரத்துக்கு மாலை 3 மணியிலிருந்து 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்று கிடைக்குமா? எங்கள் பளு 570 வாட், அதில் குளிர்பெட்டி ஒன்று, அது கிளம்பும்போது 1,200 வாட் வரை இழுக்கும். கிடைக்காது என்றால், சொந்தமாகப் பெட்ரோல் ஜெனரேட்டரோ பேட்டரியோ கொண்டுவர தேசியப் பூங்காக் கழகத்திடம் நீங்கள் வாங்கிய அனுமதியில் இடம் இருக்கிறதா? ஜெல் எரிபொருள் பயன்படுத்தலாமா?" இதற்குப் பதில் வரும் வரைக்கும் உங்கள் வீட்டுக்காரர் அந்த இணையக் கடையில் பணம் கட்டாமல் இருக்கட்டும்.